கரையில் கட்டலாம், தண்ணீர் போகும் வழியில் கட்டக்கூடாது

நீர்நிலை ஓரத்தில் அலுவலகம், கடை, கிளினிக் கட்டவோ வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைப்பவர்கள், செல்போனிலேயே சரிபார்த்துக்கொள்ள ஒரு பாடம்

"ஏரியைப் பார்த்த மாதிரி இடம் சார். காத்து சும்மா பிச்சுக்கிட்டு வரும். ஏசியே தேவைப்படாது!"

நிலம் விற்கிறவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கத் தொழில் வளர்ந்துகொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலையும் சேலம்–வாணியம்பாடி சாலையும் சந்திக்கிற ஊத்தங்கரையிலும் அலுவலகத்துக்கும் கடைக்கும் இடம் தேடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் ஓரத்து இடம் பார்க்க அழகு. வெயில் காலத்தில் குளிர்ச்சி. அதோடு "பசுமைக் கட்டடம்" என்று ஒரு போர்டும் சேர்ந்துவிட்டால் விலையும் ஏறும்.

ஆனால், ஒரு கட்டடம் பசுமையானதா என்று பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பெரிய மழை வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? அந்த வழியில் இந்தக் கட்டடம் நிற்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவது எப்படி என்பதுதான் இந்தப் பாடம்.

முதல் பாடம்: ரோட்டர்டாமின் மிதக்கும் அலுவலகம்

நெதர்லாந்தின் ரோட்டர்டாம், கடலைவிடத் தாழ்வான பகுதிகள் பல உள்ள துறைமுக நகரம். அங்கே ரைன்ஹாவன் என்று ஒரு பழைய துறைமுகக் குடா இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சரக்குக் கப்பல்களுக்காக வெட்டியது. கப்பல்கள் பெரிதாகி, துறைமுகம் கடல் பக்கமாக நகர்ந்தபோது இந்தக் குடாவுக்கு வேலை குறைந்துபோனது.

2021 செப்டம்பரில் அதே தண்ணீரின் மேல் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. பருவநிலை மாற்றத்துக்கு உலக நாடுகள் தயாராக உதவுகிற சர்வதேச அமைப்பு ஒன்றின் தலைமையகமாகத் திறக்கப்பட்டது அது. மூன்று தளங்கள். சட்டகம் முழுக்க மரம். அடியில் 15 கான்கிரீட் மிதவைகள். தண்ணீர் ஏறினால் கட்டடமும் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும். கூரையின் ஒரு பக்கம் சோலார் தகடுகள், மறுபக்கம் செடிகள். சுற்றிலும் நீண்டிருக்கிற பால்கனிகள் வெயிலைத் தடுக்கின்றன. குளிரூட்டவும் சூடேற்றவும் துறைமுகத் தண்ணீரோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கிறது.

"அப்போ நாமும் ஏரியில் மிதக்கவிடலாமே?" என்று கேட்காதீங்க. துறைமுகத்தில் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நம் ஏரிகள் அப்படியில்லை. சித்திரையில் வெடித்துக் கிடக்கும், கார்த்திகையில் கோடி போகும். ரோட்டர்டாமில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மிதவையை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற எண்ணத்தை. அந்தக் கட்டடம் தண்ணீரைத் தள்ளி நிறுத்திவிட்டு இடம் பிடிக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அதற்கேற்ப தன்னை அமைத்துக்கொண்டது.

இரண்டாம் பாடம்: கிண்டியும் அடையாறும்

நம் மாநிலத்திலேயே பழைய தொழிற்பகுதி அலுவலகப் பகுதியாக மாறியதற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னை கிண்டி. 1958-இல் அரசு அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. லேத், வார்ப்பு, அச்சகம் என்று இயங்கிய கொட்டகைகள் இருந்த இடங்களில், 2000-க்குப் பிறகு கண்ணாடி அலுவலகங்கள் எழத் தொடங்கின. அங்குள்ள ஒலிம்பியா டெக் பார்க், அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் தங்கத் தரச்சான்று பெற்றது. அந்தச் சமயத்தில் இந்தச் சான்று பெற்ற கட்டடங்களில் உலகிலேயே மிகப் பெரியது என்று பேசப்பட்டது.

கிண்டிக்குப் பக்கத்தில்தான் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. ஆறு கரையை மீறியது. ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பகுதிகளின் சிறு தொழிற்கூடங்கள் பலவற்றில் இயந்திரங்கள் மூழ்கின. கடன் வாங்கி இயந்திரம் போட்டவர்கள், தண்ணீர் வடிந்த பிறகும் பல மாதங்கள் தவணையைக் கட்டிக்கொண்டே பழுது பார்க்க வேண்டியிருந்தது.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். தரச்சான்று ஒரு கட்டடத்துக்குக் கிடைப்பது. வெள்ளம் ஒரு பகுதிக்கே வருவது. உங்கள் கட்டடம் எவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்தினாலும், அதற்கு வருகிற சாலையும் மின்மாற்றியும் தண்ணீருக்குள் இருந்தால் அலுவலகம் பூட்டித்தான் கிடக்கும். அதனால் சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழைப் பாருங்க, அதோடு சுற்றியுள்ள நிலத்தின் மேடு பள்ளத்தையும் பாருங்க.

மூன்றாம் பாடம்: ஊத்தங்கரை, 2024 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலில் இருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் நமக்கு என்ன வரப்போகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். அன்றைக்கு மாநிலத்தில் அதிக மழை இங்கேதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையே 80 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. ஊருக்குள் பாய்ந்த ஏரி வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துப் போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சின்னக் கணக்கு:

• 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது ஏறக்குறைய 46,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நாலு லாரி.

• ஒரு ஏக்கர் நிலத்தில் விழுவது ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர்.

ஒரு ஏக்கர் ஏரி நிலத்தை மண் கொட்டி மேடாக்கினால், அந்த 20 லட்சம் லிட்டர் காணாமல் போய்விடாது. அது பக்கத்துத் தெருவுக்குப் போகும். நம் கட்டடம் தப்பிக்கலாம், கீழே இருக்கிறவர் வீடு தப்பிக்காது. தண்ணீருக்கு இடம் விடாத கட்டடத்தை எப்படிப் பசுமை என்று சொல்வது?

ஏரியைப் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க

நம் பகுதி ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அடுத்ததற்கு, கடைசியில் பாம்பாறு, தென்பெண்ணை என்று போய்ச் சேரும் சங்கிலி அது. ஒரு ஏரிக்கு ஐந்து உறுப்புகள் உண்டு.

1. வரத்துக் கால்வாய்: தண்ணீர் ஏரிக்கு வரும் வழி. கோடையில் வெறும் பள்ளம் போலத் தெரியும்.

2. உள்வாய்: தண்ணீர் தேங்கும் பரப்பு. பல வருடம் காய்ந்து கிடந்தால் சமதள மனை மாதிரியே இருக்கும். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

3. கரை: தண்ணீரைத் தாங்கும் மண் அணை. இதை வெட்டிப் பாதை போடுவதும், இதன் மேல் கட்டுவதும் ஊருக்கே ஆபத்து.

4. மதகு: பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் இடம்.

5. கோடி: ஏரி நிரம்பிய பின் மிச்சத் தண்ணீர் வழியும் இடம். சில ஊர்களில் கலங்கல் என்பார்கள். கோடியில் இருந்து கிளம்பும் ஓடைதான் வெள்ள நாளில் ஆறாக மாறும்.

கரையில் இருந்து போதிய தூரம் தள்ளி, உள்வாய்க்கும் கோடி ஓடைக்கும் விலகி, இயல்பாகவே மேடாக இருக்கிற பட்டா நிலம் கிடைத்தால் ஏரியோரக் காற்றை நீங்கள் தாராளமாக அனுபவிக்கலாம். மற்ற இடங்கள் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

செல்போனில் ஆறு படிகள்

படி 1: அ-பதிவேடு. வருவாய்த் துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவைத் தளத்துக்குப் போங்க. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று அதில் இருக்கும். புறம்போக்கு என்றால் குறிப்புப் பகுதியைக் கவனியுங்க. ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க. பட்டா, சிட்டா பார்க்கும் வசதியும், புறம்போக்கு நிலமா என்று பார்க்கும் வசதியும் அதே தளத்தில் இருக்கின்றன.

படி 2: புலப்படம். அதே தளத்தில் உங்கள் புல எண்ணின் வரைபடத்தையும் எடுங்க. அதன் ஓரங்களில் பக்கத்துப் புல எண்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக அ-பதிவேட்டில் தேடிப் பாருங்க. இதைப் பலர் செய்வதில்லை. உங்கள் மனை சுத்தமான பட்டாவாக இருக்கும், ஒட்டியிருக்கிற எண் ஓடைப் புறம்போக்காக இருக்கும். அப்படியானால் வெள்ளம் உங்கள் மதில் சுவரைத் தொட்டுத்தான் போகும்.

படி 3: செயற்கைக்கோள் படம். செல்போன் வரைபடத்தில் இடத்தைக் குறித்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய்ப் பெரிய பரப்பாகப் பாருங்க. பச்சைக் கோடாகவோ கரும்பள்ளமாகவோ ஒன்று உங்கள் மனையை நோக்கி வந்து, மறுபக்கம் தொடர்ந்தால் அது பழைய நீர்வழியாக இருக்க வாய்ப்பு அதிகம். கணினியில் கூகுள் எர்த் திறந்தால் பழைய வருடங்களின் படங்களையும் பார்க்கலாம். மழை வருடம் ஒன்று, வறண்ட வருடம் ஒன்று, இரண்டையும் ஒப்பிடுங்க.

படி 4: வில்லங்கச் சான்று. பதிவுத் துறைத் தளத்தில் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீங்க. அந்த நிலத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகளைத்தான் வில்லங்கச் சான்று சொல்லும். நிலம் ஏரியா, மேடா என்பதை அது சொல்லாது. "ஈசி கிளீனா இருக்கு" என்பதை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீங்க.

படி 5: கட்டட அனுமதி. அலுவலகக் கட்டடத்துக்கு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பொருந்தும். ஒற்றைச் சாளர முறையில் இணையவழியாக விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கானது. அலுவலகத்துக்கு அதைக் காட்ட முடியாது. நீர்நிலைக்கு அருகில் என்றால், வெள்ள பாதிப்பு குறித்து நீர்வளத் துறையின் கருத்தோ தடையின்மைச் சான்றோ கேட்கப்படலாம். வாடகைக்கு எடுப்பவர்களும் அனுமதி வரைபட நகலை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்க.

படி 6: நேரில் போங்க. இது செல்போனில் முடியாத படி. அங்கே பல வருடம் இருக்கிற ஒரு பெரியவரையோ டீக்கடைக்காரரையோ பார்த்து இரண்டே கேள்வி கேளுங்க. "ஏரி கோடி போனா தண்ணி எந்தப் பக்கம் வருங்க?" "போன 2024 வெள்ளத்துல இங்க எவ்வளவு உசரம் நின்னுச்சு?" பக்கத்துச் சுவர்களில் வெள்ளம் நின்ற கறை இன்னும் இருக்கலாம். அந்த உயரத்தை செல்போனில் படம் எடுத்து, உங்கள் பொறியாளரிடம் காட்டுங்க. தரைத்தளம் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அதில் இருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இடம் சரியாக இருந்தால், கட்டடம் எப்படி இருக்க வேண்டும்?

ஹைதராபாத்தில் இந்தியத் தொழிற் கூட்டமைப்பின் பசுமை வணிக மையம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கட்டடம். 2004 ஜூலை 14 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திறந்துவைத்தார். நடுவில் முற்றம், காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கோபுரங்கள், செடிகளின் வேர்ப் பகுதி வழியாகக் கழிவுநீரைச் சுத்தம் செய்து வளாகத்துக்குள்ளேயே பயன்படுத்தும் ஏற்பாடு, எல்லாம் அங்கே உண்டு. நடுமுற்றமும் காற்றோட்டமும் நம் பாட்டன் காலத்து வீடுகளிலேயே இருந்தவைதான்.

சின்ன அலுவலகத்துக்கும் இவை பொருந்தும்:

• வெயில்: மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வேண்டாம். மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர் அறையை அந்தப் பக்கம் வைத்தால் மாலை வெயில் வேலை செய்யும் அறைக்கு வராது. சன்னலுக்கு மேல் சன்ஷேடு நன்றாக நீளட்டும்.

• மழைநீர்: தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெயருக்கு ஒரு குழாய் வைத்தால் போதாது. மாடிப் பரப்புக்கு ஏற்ற அளவில் குழி இருக்கணும், வருடா வருடம் ஐப்பசிக்கு முன்னால் வண்டல் எடுக்கணும்.

• கழிவுநீர்: ஏரியோரக் கட்டடத்தின் பெரிய சோதனை இதுதான். தென்பெண்ணை கர்நாடகத்தில் இருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது நுரை பொங்கி வருவதைப் பல முறை பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கிறவர்கள் விட்ட கழிவு கீழே இருக்கிறவர்களின் வயலுக்கு வருகிறது. நம் செப்டிக் டேங்க் வழிந்தால், நமக்குக் கீழே இருக்கிறவருக்கு நாமும் அதையேதான் செய்கிறோம்.

• மின்சாரம்: மீட்டர் பெட்டி, ஜெனரேட்டர், யுபிஎஸ், சர்வர் எதுவும் அடித்தளத்தில் வேண்டாம். வெள்ளக் கறைக்கு மேலே ஏற்றி வையுங்க. பத்திரங்கள், கணக்குப் புத்தகங்களும் முதல் மாடியில் இருக்கட்டும்.

• தரை: முற்றம் முழுக்கக் கான்கிரீட் போட்டு மூடாதீங்க. வண்டி நிற்கிற இடத்தில் இடைவெளி விட்ட கற்கள் பதித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

பழைய தொழிற்சாலை இடமாக இருந்தால்

மூடிய ஆலையின் கொட்டகையை இடிக்காமல் அலுவலகமாக மாற்றுவது நல்ல வழி. இருக்கிற தூணையும் கூரையையும் பயன்படுத்தினால் புதுச் சிமென்ட்டும் இரும்பும் மிச்சம். ஆனால் மண்ணில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. ஆலை மூடியும் மண்ணில் பாதரசம் தங்கியது. அதைச் சுத்தம் செய்கிற பிரச்சினை பல வருடங்கள் நீண்டது.

எனவே முன்பு என்ன தொழில் நடந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை எந்த வகையில் வைத்திருந்தது என்று கேளுங்க. சிவப்பு என்றால் மாசு வாய்ப்பு அதிகம், அடுத்து ஆரஞ்சு, பிறகு பச்சை, வெள்ளை. முலாம் பூசுதல், சாயம், பேட்டரி, தோல், ரசாயனம் போன்ற தொழில் நடந்த இடம் என்றால் மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வகத்தில் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"வீட்டு வரி ரசீது இருக்கு, கரண்ட் கனெக்ஷனும் இருக்கு. அப்போ இடம் சரிதானே?"
இல்லீங்க. வரி ரசீதும் மின் இணைப்பும் நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது. ஏரி நிலம் ஏரி நிலம்தான். தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007-இன் கீழ் அகற்ற நடவடிக்கை வரலாம். விற்றவர் பணத்தோடு போயிருப்பார், நோட்டீஸ் உங்கள் கைக்குத்தான் வரும்.

"நான் அங்கே வேலை பார்க்கிறவன் மட்டும்தான். எனக்கு இதெல்லாம் எதுக்கு?"
மழை நாளில் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கப்போவது நீங்கள்தானே! வெளியேறும் வழி எது, வண்டியை எந்த மேட்டில் நிறுத்தலாம், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கு என்ற மூன்றையும் இன்றைக்கே தெரிந்து வைத்துக்கோங்க.

"ஓடையை யாரோ மூடுறாங்க. யாரிடம் சொல்றது?"
புல எண், படம், தேதியோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு நிலையைக் கேட்க உதவும்.

"வெள்ள எச்சரிக்கை எப்படித் தெரியும்?"
டிஎன்-அலர்ட் செயலியைப் பதிவிறக்கிக்கோங்க. தமிழிலேயே வானிலை, எச்சரிக்கை விவரங்கள் வரும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

செய்து பாருங்கள்

இன்று பத்து நிமிடம் ஒதுக்குங்க. நீங்கள் இப்போது வேலை செய்கிற அல்லது குடியிருக்கிற இடத்தின் புல எண்ணை எடுத்து, முதல் மூன்று படிகளை மட்டும் செய்யுங்க. பிறகு ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்க: பக்கத்தில் உள்ள ஏரியின் பெயர், அதன் கோடி இருக்கும் திசை, 2024-இல் தண்ணீர் நின்ற உயரம். மூன்றுக்கும் விடை தெரிந்தால் அந்தத் தாளை வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்க. ஒன்று தெரியாவிட்டாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாங்க.